படம் முடிந்த பிறகு ஒரு மணி நேரம்

அன்று போயா விடுமுறை. ஈச்சிலம்பற்றில் ஒரு வீட்டு விறாந்தையில் பதினொரு பெண்கள் பாய் விரித்து உட்கார்ந்திருந்தோம். வெயில் படாமல் ஜன்னலில் ஒரு பழஞ்சேலை கட்டியிருந்தது. ரீவியில் 'தெனாலி' ஓடிக்கொண்டிருந்தது. கே. எஸ். ரவிக்குமாரின் இயக்கத்தில் கமல்ஹாசன் நடித்து 2000 ஆம் ஆண்டு வெளிவந்த படம். எதைக் கண்டாலும் பயந்து நடுங்கும் ஓர் இலங்கைத் தமிழ் அகதியின் கதை. எல்லோரும் வயிறு நோகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நானும் சிரித்தேன்.

வீட்டுக்கார அம்மா மட்டும் சிரிக்கவில்லை. எழுபது வயதைத் தாண்டியவர்.

"அந்தப் பொடியன் பயப்படுறதுல என்ன புள்ள பகிடி இரிக்கு?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். "எனக்கு இண்டைக்கும் ஹெலிச் சத்தம் கேட்டா மரத்துக்குக் கீழ ஓடணும் போலதான் வரும். ஆருக்கிட்டயும் சொல்றல்ல. சொன்னா இப்பிடித்தான் சிரிப்பாங்க."

யாரோ ரீவியின் சத்தத்தைக் குறைத்தார்கள். சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு ஒரு சகோதரி, கோயில் திருவிழாவில் வெடி போடும் நேரம் தான் வீட்டிலேயே நின்றுவிடுவதாகச் சொன்னார். இன்னொருவர், இரவில் மோட்டார் சைக்கிள் ஒன்று படலையடியில் நின்றால் இன்றும் பிள்ளைகளை எண்ணிப் பார்ப்பதாகச் சொன்னார். படம் பாதியிலேயே நின்றது. பேச்சு மாலை வரை நீண்டது.

வாசகத் தோழிகளே, இதில் நான் வெட்கத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டிய விடயம் ஒன்றுண்டு. நான் ஒரு சமூகப் பணியாளர். அங்கிருந்த பெண்களில் அநேகரை வீடு வீடாகச் சென்று சந்தித்துப் படிவம் நிரப்பியவள் நான்தான். அந்தப் படிவத்தில் 'பயம், நித்திரையின்மை உண்டா?' என்றொரு கேள்வி இருந்தது. அநேகமாக எல்லோருமே 'இல்லை' என்றுதான் சொல்லியிருந்தார்கள். இரண்டு வருடம் படிவத்துக்குச் சொல்லாததை ஒரு பகிடிப் படத்துக்குச் சொல்லிவிட்டார்கள்.

அன்றிலிருந்து மாதம் ஒரு முறை ஏதாவது ஒரு வீட்டில் கூடிப் படம் பார்க்கிறோம். படம் முடிந்த பிறகு ஒரு மணி நேரம் பேசுகிறோம். அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றித்தான் இங்கு எழுதுகிறேன்.

படம் பார்ப்பதும் குற்றமா?

எங்கள் பகுதியை அறியாதவர்களுக்காகச் சில வார்த்தைகள். திருகோணமலை மாவட்டத்தின் தெற்கு எல்லையில், கடலுக்கும் வெருகலாற்றுக்கும் இடையில் இருக்கிறது ஈச்சிலம்பற்று. 2004 இல் சுனாமி வந்தது. 2006 இல் மாவிலாற்றுப் பிரச்சினையோடு தொடங்கிய சண்டையில் ஊரே எழும்பி, ஆற்றைக் கடந்து கதிரவெளி, வாகரை என்று ஓடியது. அங்கும் இருக்க முடியாமல் மட்டக்களப்பின் கூடார முகாம்களுக்குப் போனது. 2007 இல் திரும்பி வந்தபோது பல வீடுகளில் கூரை இல்லை. சில வீடுகளில் ஆம்பிளை இல்லை. இன்று குடும்பத்தைத் தலைமை தாங்கி நடத்தும் பெண்கள் இங்கு ஒவ்வொரு ஒழுங்கையிலும் இருக்கிறார்கள்.

மின்சாரம் வராத காலத்தில், ஜெனரேற்றரும் ரீவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, வீட்டுக்கு வீடு காசு சேர்த்து, விடிய விடிய மூன்று படம் பார்த்ததை மூத்தவர்கள் இன்றும் சொல்வார்கள். இப்போது படம் பென்டிரைவில் வருகிறது. போனிலும் வருகிறது. ஆனால் ஒன்று மட்டும் மாறவில்லை. பெண்கள் கூடிப் படம் பார்த்தால் ஊருக்குப் பொறுக்காது. "வேலை வெட்டி இல்லாதவளுகள்" என்பார்கள். கணவனை இழந்தவள் என்றால் பேச்சு இன்னும் கூடும். "அவன் போய்ச் சேர்ந்திட்டான், இவளுக்குப் படம் கேக்குது" என்று ஒரு சகோதரியின் மாமியாரே சொல்லியிருக்கிறார். சந்தியில் கதிரை போட்டுக் கிரிக்கெட் பார்க்கும் ஆண்களை ஒருவரும் இப்படிக் கேட்பதில்லை.

சிரிப்பதற்கும் அழுவதற்கும் கருத்துச் சொல்வதற்கும் உள்ள உரிமை புருஷன் உயிரோடு இருப்பதில் தங்கியிருக்கவில்லை. எங்கள் கூட்டத்தில் முதலில் பேசித் தீர்த்த விடயம் இதுதான்.

சிம்ரன் போன வள்ளமும் வந்த விமானமும்

அடுத்ததாக நாங்கள் பார்த்தது 'டூரிஸ்ட் ஃபேமிலி'. அபிஷன் ஜீவிந்த் இயக்கி 2025 மே மாதம் வெளிவந்த படம். பொருளாதார நெருக்கடியால் வாழ வழியற்ற ஓர் இலங்கைத் தமிழ்க் குடும்பம் வள்ளத்தில் இராமேஸ்வரம் போய், பிறகு சென்னையில் ஒரு குடியிருப்பில் தாங்கள் யாரென்பதை மறைத்து வாழ்கிறது. சசிகுமார் தகப்பன், சிம்ரன் தாய், இரண்டு ஆண் பிள்ளைகள். அயலவர்களின் மனதை இவர்களின் அன்பு வெல்கிறது. கடைசியில் பொலிஸ் தேடி வரும்போது அயலவர்களே இவர்களைக் காப்பாற்றுகிறார்கள்.

படம் எல்லோருக்கும் பிடித்தது. ஆனால் பேச்சு தொடங்கியதும் மூன்று கேள்விகள் வந்தன.

முதலாவது, மொழி. "இது யாழ்ப்பாணக் கதைதானே, எங்கட கதை எப்ப படத்துல வரும்?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். இந்தியப் படங்களில் இலங்கைத் தமிழர் என்றால் எப்போதும் யாழ்ப்பாணத்துப் பேச்சின் சாயல்தான். கிழக்கின் 'மனே'யும் 'என்னகா'வும் அந்தத் திரையில் கேட்பதில்லை. இது சிறிய விடயம் போலத் தோன்றலாம். தன் பேச்சைத் திரையில் ஒரு முறையும் கேட்காத பெண், தன் கதைக்குப் பெறுமதி இல்லை என்று தானாகவே முடிவு செய்துவிடுகிறாள்.

இரண்டாவது, வள்ளம். 2022 மார்ச் முதல் இங்கிருந்து உண்மையிலேயே குடும்பங்கள் வள்ளமேறித் தனுஷ்கோடிக் கரையில் இறங்கின. அவர்களுக்குச் சென்னையில் வாடகை வீடும் அன்பான அயலவரும் கிடைக்கவில்லை. மண்டபம் முகாம்தான் கிடைத்தது. "படத்தைப் பாத்திட்டு ஆரும் வள்ளம் ஏறிடாதீங்க" என்று ஒரு அக்கா சொன்னார். பகிடியாகத்தான் சொன்னார். ஆனால் 2022 இல் அவரே தன் தோட்டைக் கழற்றி வள்ளக் காசுக்கு விலை பேசியவர் என்பது எங்களில் சிலருக்குத் தெரியும்.

மூன்றாவது கேள்வியைக் கேட்டவர் வயதில் மூத்த ஒரு தாய். "இந்தச் சிம்ரன்தானே முந்தி ஒரு படத்துல புள்ளையைக் கூட்டிக்கொண்டு இலங்கைக்கு வந்தவ?"

சரியாகத்தான் சொன்னார். 2002 இல் வெளிவந்த மணிரத்னத்தின் 'கன்னத்தில் முத்தமிட்டால்' படத்தில், தத்தெடுத்த மகளின் தாயைத் தேடி இலங்கைக்கு வரும் இந்தியத் தாயாகச் சிம்ரன் நடித்தார். இருபத்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு அதே சிம்ரன் இலங்கைத் தாயாகி அந்தப் பக்கம் போகிறார். அடுத்த மாதம் அந்தப் பழைய படத்தைப் பார்ப்பதென்று அங்கேயே முடிவாயிற்று.

"ஏன் என்னை விட்டுட்டுப் போனீங்க?"

கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். ஷ்யாமா என்ற இலங்கைப் பெண் அகதியாக இராமேஸ்வரம் போய்ப் பிள்ளை பெறுகிறாள். பிள்ளையை அங்கேயே விட்டுவிட்டுக் கணவனைத் தேடி யுத்தத்துக்குள் திரும்பி வருகிறாள். பிள்ளை அமுதாவுக்கு ஒன்பதாவது பிறந்தநாளில் உண்மை சொல்லப்படுகிறது. அவள் பெற்ற தாயைத் தேடி இலங்கைக்கு வருகிறாள். ஷ்யாமாவாக நந்திதா தாஸ் நடித்தார். அமுதாவாக நடித்த கீர்த்தனாவுக்கு இந்தியாவின் தேசிய விருது கிடைத்தது.

கடைசியில் தாயும் மகளும் சந்திக்கிறார்கள். மகள் எழுதி வைத்த கேள்விகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கிறாள். தாயிடம் பலவற்றுக்குப் பதில் இல்லை.

நான் நினைத்திருந்தது, பேச்சு யுத்தத்தைப் பற்றி வரும் என்றுதான். வரவில்லை. வந்தது சவூதியைப் பற்றி.

எங்கள் கூட்டத்தில் நான்கு பெண்கள் மத்திய கிழக்கில் வீட்டு வேலை செய்து திரும்பியவர்கள். பிள்ளையைத் தாயிடமோ சகோதரியிடமோ விட்டுவிட்டுப் போனவர்கள். அவர்களில் ஒருவர் சொன்னார்: "நான் போகேக்க மகளுக்கு மூண்டு வயசு. ஆறு வருசத்தால வந்தன். வந்த அண்டைக்கு என்னை 'அன்ரி' எண்டுதான் கூப்பிட்டவள். இப்ப அவளுக்குப் பதினாறு. இந்தப் படத்துல வாற புள்ளையாவது கேக்குது. எங்கட புள்ள கேக்கவும் இல்ல."

அந்த மகள் அன்று குசினிக் கதவோடு நின்றுகொண்டிருந்தாள். தாய் அதைக் கவனிக்கவில்லை. நாங்கள் கவனித்தோம். ஒருவரும் காட்டிக்கொள்ளவில்லை.

பிறகு, ஷ்யாமா செய்தது சரியா பிழையா என்று வாதம் எழுந்தது. "பெத்த தாய் விட்டுட்டுப் போவாளா?" என்று ஒரு பக்கம். "அவள் போகாட்டி ஆர் போவான்?" என்று மறுபக்கம். இந்த இடத்தில் நான் ஒரு தகவலைச் சொன்னேன். சின்னப் பிள்ளை உள்ள தாய் வெளிநாட்டு வேலைக்குப் போவதென்றால் 'குடும்பப் பின்னணி அறிக்கை' தர வேண்டும் என்ற நடைமுறை நம் நாட்டில் 2013 இல் வந்தது. அதே வயதுப் பிள்ளை உள்ள தகப்பனிடம் அந்த அறிக்கை கேட்கப்படவில்லை. படத்திலும் அப்படித்தான். ஷ்யாமாவின் கணவனிடம் "ஏன் விட்டுட்டுப் போனீங்க?" என்று யாரும் கேட்பதில்லை. பிள்ளையை விட்டுப் போன குற்றம் எப்போதும் தாயின் பெயரில்தான் பதியப்படுகிறது.

வாதம் அன்று முடியவில்லை. இரண்டு வாரம் கழித்து அந்தத் தாயைச் சந்தையில் கண்டேன். மகள் ஓர் இரவு பக்கத்தில் வந்து படுத்து, "சவூதியில நீங்க எங்க படுப்பீங்க?" என்று கேட்டாளாம். குசினிக்குப் பக்கத்தில் சாமான் வைக்கும் அறையில் என்று தாய் சொன்னாராம். அதற்கு மேல் அவள் எதுவும் கேட்கவில்லை. "அது போதும் மிஸ்" என்றார் அந்தத் தாய்.

மூடிய பெட்டிக்குள் என்ன இருந்தது?

மூன்றாவது படத்தை நான்தான் தெரிவு செய்தேன். தெரிவு செய்ததற்காக இரண்டு நாள் நித்திரை கொள்ளவில்லை.

பிரசன்ன விதானகே இயக்கிய 'புரஹந்த களுவர'. 'பௌர்ணமி இருள்' என்று தமிழில் சொல்லலாம். சிங்களப் படம். 1997 இல் எடுக்கப்பட்டது. 2000 ஆம் ஆண்டில் அரசாங்கம் இதைத் திரையிட விடாமல் தடுத்தது. இயக்குநர் உயர் நீதிமன்றம் வரை போய் 2001 இல் அனுமதி பெற்றார். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த காலத்தில் பார்த்தது. மடிக்கணினியில் போட்டு, நானே பக்கத்திலிருந்து தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன்.

வறண்ட ஒரு கிராமம். வன்னிஹாமி என்ற கண் தெரியாத கிழவர். ஜோ அபேவிக்ரம நடித்தார். இராணுவத்தில் சேர்ந்த அவருடைய மகன் இறந்துவிட்டதாகச் சொல்லி, திறக்க வேண்டாம் என்று முத்திரையிட்ட பெட்டி ஒன்று வருகிறது. ஊர் அடக்கம் செய்கிறது. கிழவர் நம்பவில்லை. நட்டஈட்டுப் படிவத்தில் கையொப்பமிட்டால் காசு வரும். பாதியில் நிற்கும் வீட்டைக் கட்டலாம், கடனை அடைக்கலாம், மகளுக்குக் கலியாணம் செய்யலாம். எல்லோரும் வற்புறுத்துகிறார்கள். கிழவர் கையொப்பமிட மறுக்கிறார். கடைசியில் தானே மண்வெட்டி எடுத்துப் புதைகுழியைத் தோண்டுகிறார். பெட்டிக்குள் இருந்தது வாழைக் குற்றியும் கல்லும்.

எங்களில் ஒருவர் 2006 இலிருந்து கணவனைத் தேடுகிறார். இடம்பெயர்ந்த குழப்பத்தில், சாமான் எடுத்து வருகிறேன் என்று திரும்பிப் போனவர் வரவில்லை. இவர் போகாத ஒப்பீஸ் இல்லை. கொடுக்காத வாக்குமூலம் இல்லை. ஆனால் எந்தச் சான்றிதழையும் வாங்க மாட்டேன் என்று இருப்பவர். பொட்டும் அழிக்கவில்லை. அதற்காக ஊரில் ஒரு பேச்சு, வீட்டில் இன்னொரு பேச்சு.

படம் முடிந்ததும் அவர்தான் முதலில் வாய் திறந்தார். "அவரும் கையெழுத்து வைக்கல்ல, பாத்தீங்களா?" என்றார். பிறகு நெடுநேரம் கழித்து, "சிங்களத் தகப்பனுக்கும் இதுதானா?" என்றார்.

இந்தக் கேள்விக்கு நான் என்ன பதில் சொல்வது? ஆமி என்றால் நாம் அறிந்தது சோதனைச் சாவடியும் துவக்கும்தான். அந்தப் பக்கத்திலும் ஒரு வீடு இருந்தது, அங்கும் ஒரு பெட்டி போனது என்பதை எங்கள் விறாந்தையில் அன்றுதான் முதல் முறையாகப் பேசினோம். "அவங்களுக்குப் பெட்டியாவது போனது" என்று ஒரு சகோதரி கோபத்தோடு சொன்னார். அந்தக் கோபமும் நியாயமானதுதான். யாரும் அவரை அடக்கவில்லை.

அன்று ஒரு விடயத்தை நான் விளக்கமாகச் சொல்ல வேண்டி வந்தது. இதை வாசிக்கும் பலருக்கும் பயன்படும் என்பதால் இங்கும் எழுதுகிறேன். காணாமற்போனவருக்கு மரணச் சான்றிதழ்தான் எடுக்க வேண்டும் என்ற நிலை முன்பு இருந்தது. 2016 இல் சட்டம் திருத்தப்பட்டது. அதன்படி, ஆளைக் காணக்கிடைக்கவில்லை என்று மட்டும் சொல்லும் சான்றிதழ் ஒன்றைப் பெற முடியும். அது அவர் இறந்துவிட்டார் என்று சொல்வதில்லை. அதை வைத்துக் குடும்பத்தின் காணி, வங்கிக் கணக்கு போன்ற அலுவல்களைப் பார்க்கலாம், உதவிகளுக்கு விண்ணப்பிக்கலாம். அதை எடுத்தால் தேடுவதை நிறுத்த வேண்டும் என்றும் இல்லை. விபரங்களைப் பிரதேச செயலகத்தில் கேட்டறியலாம்.

"அப்ப அது வாழைக் குத்தி இல்லையா?" என்று அந்தச் சகோதரி கேட்டார். இல்லை என்றேன். ஆனால் அது பதிலும் இல்லை என்பதையும் சொன்னேன். உண்மையில் என்ன நடந்தது என்பதை அறியும் உரிமை அந்தக் காகிதத்தோடு தீர்ந்துவிடாது.

அவர் இன்னும் விண்ணப்பிக்கவில்லை. படிவத்தை வாங்கி, கணவரின் உடுப்பு வைத்த சூட்கேசுக்குள் வைத்திருக்கிறார். காணி உறுதியில் கணவரின் பெயர்தான் இருக்கிறது. மூத்த மகளுக்கு அந்தக் காணியில் வீடு கட்ட வேண்டும். என்ன முடிவு எடுப்பதென்பது அவருடைய உரிமை. அவரை அவசரப்படுத்த வேண்டாம் என்று நாங்கள் எல்லோரும் தீர்மானித்திருக்கிறோம். ஊர் அவசரப்படுத்தியது போதும்.

படம் ஏன் உதவுகிறது?

இதில் மந்திரம் எதுவும் இல்லை. "உங்களுக்கு என்ன நடந்தது?" என்று நேரே கேட்டால் பெண்கள் வாய் மூடிக்கொள்வார்கள். சொன்னால் ஊர் அறியும், பிள்ளைகளின் கலியாணம் குழம்பும், சொல்லியும் ஒன்றும் நடக்கப்போவதில்லை என்ற அனுபவம் அவர்களுக்கு உண்டு. "ஷ்யாமா ஏன் அப்படிச் செய்தாள்?" என்று கேட்டால் அது ஷ்யாமாவின் கதை. வெட்கமும் ஷ்யாமாவுடையது. அவளைப் பற்றிப் பேசுவது போலத் தன்னைப் பற்றிப் பேசலாம். விரும்பினால் எந்த இடத்திலும் நிறுத்திக்கொள்ளலாம்.

படம் சொல்வதெல்லாம் சரி என்று ஏற்றுக்கொள்ளாமல், "இது இப்படி இல்லை" என்று ஒரு பெண் மறுத்துச் சொல்லும்போது, தன் அனுபவமும் ஓர் அறிவு என்பதை அவள் உணர்கிறாள். வள்ளத்தைப் பற்றி அந்த அக்கா சொன்னது அத்தகைய அறிவுதான்.

நீங்களும் உங்கள் அயலில் இப்படிக் கூடலாம். எங்கள் அனுபவத்தில் கற்ற சிலவற்றைச் சொல்கிறேன்.

1. பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் வேண்டாம். ஒருவரையொருவர் நம்புகிறவர்களாக இருக்கட்டும்.

2. ஒருவர் படத்தை முன்பே பார்த்திருக்க வேண்டும். குண்டு வீச்சு, பலாத்காரம் போன்ற காட்சிகள் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். பார்க்க முடியாதவர் எழும்பிப் போகலாம். ஏன் போகிறாய் என்று கேட்க வேண்டாம். 'கன்னத்தில் முத்தமிட்டால்' படத்தின் சண்டைக் காட்சிகளின்போது எங்களில் இருவர் முற்றத்தில்தான் நின்றார்கள்.

3. சின்னப் பிள்ளைகளை அந்த நேரம் வேறு வீட்டில் விடுங்கள்.

4. படம் முடிந்ததும் மூன்று கேள்விகள் போதும். எந்த இடம் மனதில் நிற்கிறது? எந்த இடம் பொய்யாகத் தெரிந்தது? நீங்கள் அவளாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

5. விறாந்தையில் பேசியது விறாந்தையோடு இருக்க வேண்டும். இந்தக் கட்டுரையைக்கூட எல்லோருக்கும் வாசித்துக் காட்டி, அவர்கள் சம்மதித்தவற்றை மட்டுமே எழுதியிருக்கிறேன்.

6. யாராவது அழுதால் அழவிடுங்கள். அதற்குப் பிறகும் நித்திரை வராமல், சாப்பிட மனமில்லாமல் நாட்கணக்கில் இருந்தால், ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்கோ உளவளத்துணையாளரிடமோ கூட்டிச் செல்லுங்கள். ஒரு படத்தாலும் ஒரு மணி நேரப் பேச்சாலும் ஆற்ற முடியாத காயங்களும் உண்டு.

கடைசியாக, எங்கள் வீட்டுக்கார அம்மாவைப் பற்றி. மூன்று மாதம் அழுத படங்களாகவே போய்விட்டன என்பது அவருடைய முறைப்பாடு. அடுத்த மாதம் 'தெனாலி'யின் மிச்சத்தைப் போட வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

"முந்தி சிரிக்கல்லையே அம்மா?" என்று கேட்டேன்.

"அண்டைக்கு நான் தனியாத்தானே பயந்தவள் எண்டு நினைச்சன். இப்ப பாத்தா எல்லாரும்தான் பயந்திரிக்காளுகள். இனிச் சிரிக்கலாம்" என்றார்.